ஆக்சிஜன் 99 காட்டினால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பித்தப்பையில் கல் இருப்பதால் அடுத்த வாரம் லேப்ராஸ்கோபி ஆபரேஷன். அம்மாவுக்குப் பல வருடமாக வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார். ஃபிட்னஸ் பார்த்த மயக்க மருந்து டாக்டர், "முழு மயக்கம் கொடுத்ததும் அவங்களா மூச்சு விட மாட்டாங்க, மெஷின்தான் விடும்" என்று சொன்னதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. என் சித்தப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது மணிக்கட்டில் ஊசி போட்டு அடிக்கடி ரத்தம் எடுத்து 'கேஸ்' பார்த்தார்கள். அம்மாவுக்கும் அப்படிப் பார்ப்பீர்களா என்று கேட்டால், தேவைப்படாது என்கிறார்கள். செலவு கருதியா, அலட்சியமா? விரலில் மாட்டும் கிளிப் ஒன்றை நம்பியே இவ்வளவும் நடக்குமா? அது எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே!
(திண்டுக்கல் வாசகி)

பதில்: முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மூச்சு தானாக நின்றுபோவதில்லை. மயக்க மருந்து டாக்டர்களான நாங்கள்தான் நிறுத்துகிறோம், நிறுத்தும் முன்பே அதை எங்கள் கையில் எடுத்துக்கொண்டும்விடுகிறோம். லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் வாயு நிரப்பி இடம் உண்டாக்கினால்தான் கேமராவுக்கு உள்ளே ஏதாவது தெரியும். வயிற்றுத் தசை விறைப்பாக இருந்தால் அது நடக்காது. அதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கிறோம். அந்த மருந்துக்கு வயிற்றுத் தசை, மூச்சுத் தசை என்ற பேதமெல்லாம் கிடையாது, எல்லாம் தளர்ந்துவிடும். அதனால்தான் மூச்சுக்குழாய்க்குள் வைக்கும் டியூபும், அதன் வழியே மூச்சு கொடுக்கும் மெஷினான வென்டிலேட்டரும்.

மருந்து போடுவதற்கு முன் அம்மாவின் முகத்தில் ஒரு மாஸ்க்கை வைத்து, மூன்று நிமிடம் நன்றாக மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். பலரும் அதுதான் மயக்க மருந்து என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அதில் வருவது வெறும் ஆக்சிஜன். நுரையீரலில் எப்போதும் தங்கியிருக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அதை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை நிரப்பிக்கொள்கிறோம். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்த ஆரோக்கியமான ஆளுக்கு மூச்சு நின்றால், ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கத் தொடங்கும். இப்படி நிரப்பிய பிறகு ஏறக்குறைய எட்டு நிமிடம் தாங்கும். உடல் மிகவும் பருமனாக இருந்தால் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. டியூப் வைக்கத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான், மீதியெல்லாம் கையிருப்பு. ஆகவே அம்மாவை அந்த மாஸ்க்கில் தாராளமாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கிளிப்புக்கு, அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு வருவோம். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை மாற்றி மாற்றிச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அது பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஏறாதது சிவப்பை அதிகம் விழுங்கும். அந்த விகிதத்திலிருந்துதான் சதவீதக் கணக்கு வருகிறது. ஜப்பானில் நிஹான் கோடென் நிறுவனத்தில் வேலை பார்த்த தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974இல் கண்டுபிடித்த வழி இது. அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு: இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சாயம் செலுத்திக் காதில் ஒளி வைத்து அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு அந்த அளவீட்டில் குறுக்கே வந்து தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போய், துடிக்கும் பகுதி மட்டும்தான் தமனி ரத்தம், அதை மட்டும் தனியே பிரித்தால் ஆக்சிஜன் அளவு கிடைத்துவிடும் என்று பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். நிறம் மாறியது கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆக்சிஜன் 80 சதவீதத்துக்கு வந்துவிட்டிருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் அதுகூடச் சட்டென்று தெரியாது. எனவே கிளிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தியேட்டரில் அதற்கு ஒரு குரலும் உண்டு. ஒவ்வொரு நாடிக்கும் ஒரு 'பீப்'. ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தம் கட்டை இறங்கும். வேறு பக்கம் திரும்பி ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் எங்கள் காது அதில்தான் இருக்கும். சத்தம் ஒரு கட்டை இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

ஆனால் கிளிப் சொல்வது ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை மட்டுமே. மூச்சு நடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி நிரம்பியிருந்தால், மோட்டார் நின்று வெகுநேரம் ஆனாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கும்? நுரையீரல் நிறைய ஆக்சிஜனை நிரப்பிவைத்த நோயாளிக்கும் அதே கதைதான். மூச்சு நின்று சில நிமிடம் ஆன பிறகும் கிளிப் 99 என்று காட்டும். அந்த நேரத்தில் வெளியே போகாத கரியமில வாயு ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும், முதல் நிமிடத்தில் வேகமாகவும் அப்புறம் நிமிடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் (பாதரசக் கணக்கில்) என்றும்.

ஆகவே மூச்சு நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வெளியே வரும் காற்றைப் பார்க்க வேண்டும். அதற்கென்று உள்ள கருவி கேப்னோகிராஃப். உங்கள் கடிதத்தில் அதன் பேரே இல்லை. அது உங்கள் தவறில்லை, நாங்கள் யாரும் நோயாளி வீட்டாரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. டியூபின் வாய்ப்பகுதியில் மெல்லிய குழாய் ஒன்று இணைந்திருக்கும். ஒவ்வொரு மூச்சிலிருந்தும் கொஞ்சம் காற்றை அது உறிஞ்சி, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அகச்சிவப்பு ஒளியால் அளந்து, திரையில் அலையாக வரையும். மூச்சு வெளியே வரும்போது கோடு செங்குத்தாக ஏறி, மேலே சமமாகப் போய், அடுத்த மூச்சு உள்ளே இழுக்கப்படும்போது சட்டென்று தரைக்கு இறங்கும். அந்தச் சமதளத்தின் கடைசிப் புள்ளிதான் எண்ணாக வரும். பி.பி. அளக்கிறோமே, அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 35 முதல் 45 வரை இருந்தால் இயல்பு.

டியூப் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் அலையே வராது. எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் அப்படிப் போகக்கூடும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வயிற்றுச் சத்தம்கூட நெஞ்சுச் சத்தம் போலக் கேட்டு ஏமாற்றும். அலை இல்லையென்றால் டியூப் தப்பான இடத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள், வாதாடாதே என்பது இன்று எல்லா நாட்டிலும் மயக்கவியல் மாணவர்களுக்கு மண்டையில் ஏற்றப்படும் பாடம். பிரிட்டனில் மூச்சுப்பாதை விபத்துகளை நாடு முழுவதும் திரட்டி ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த விபத்துகளால் நடந்த மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்தக் கருவி இல்லாததோ, இருந்தும் பயன்படுத்தாததோ ஒரு காரணமாக இருந்தது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இந்த அலை இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லும். வீசிங் வந்து காற்றுக்குழாய்கள் சுருங்கினால், காற்று ஒரே சீராக வெளியே வராமல் இழுத்து இழுத்து வரும். மேலே சமமாக இருக்க வேண்டிய கோடு சரிவாக ஏறிக்கொண்டே போகும். நாங்கள் அதைச் சுறாத் துடுப்பு என்போம். மார்பில் விசில் சத்தம் காதுக்குக் கேட்பதற்கு முன்பே பல நேரம் திரையில் அது தெரிந்துவிடும். உடனே மயக்கத்தை ஆழப்படுத்துவோம், டியூப் வழியாகவே இன்ஹேலர் மருந்தை அடிப்போம், மூச்சை வெளியே விடக் கூடுதல் நேரம் கிடைக்கும்படி வென்டிலேட்டரை மாற்றி வைப்போம்.

இன்னொன்று, லேப்ராஸ்கோபியில் வயிற்றை உப்பவைக்க நிரப்புவதும் கரியமில வாயுதான். அது தீப்பற்றாது, ரத்தத்தில் சுலபமாகக் கரையும், தப்பித் தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலும் மற்ற வாயுக்களைவிட ஆபத்து குறைவு. ஆனால் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் ஊறும். ஏற்கெனவே உடம்பு உற்பத்தி செய்வதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். வாயு நிரப்பத் தொடங்கிய சில நிமிடங்களில் 35 என்று இருந்த எண் 40, 43 என்று ஏறும். வென்டிலேட்டரில் மூச்சின் எண்ணிக்கையையோ அளவையோ சற்றுக் கூட்டினால் இறங்கிவிடும். இதைத்தான் அந்த ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்போம். ஆக்சிஜன் கிளிப்பில் இந்த ஏற்றத்தின் சுவடே தெரியாது.

சரி, அப்படியானால் கேப்னோகிராஃப் இருந்தால் கிளிப் வேண்டாமா? வேண்டும். வயிற்றில் நிரம்பிய வாயு, வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடமும் அதோடு சேர்ந்து மேலே நகரும். அப்போது அசையாமல் இருக்கிற டியூபின் நுனி வலப்பக்கக் கிளைக்குள் இறங்கிவிடக்கூடும். ஒரு நுரையீரல் மட்டுமே வேலை செய்யும். கரியமில வாயு அலை ஏறக்குறைய நன்றாகவே இருக்கும், ஆக்சிஜன்தான் 99லிருந்து 94, 92 என்று நழுவும். டியூபை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் சரியாகிவிடும். இந்த இடத்தில் காட்டிக்கொடுப்பது கிளிப்தான். கருவிகள் தவறும் நேரமும் உண்டு. உறிஞ்சு குழாயில் ஈரம் அடைத்துக்கொண்டால் திரையில் கோடு தட்டையாகிவிடும், நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்போதும் முதலில் பார்ப்பது நோயாளியின் மார்பைத்தான், மெஷினை அப்புறம்.

இப்போது சித்தப்பாவின் மணிக்கட்டு. அங்கே எடுத்தது தமனி ரத்தம். நீங்கள் 'கேஸ்' என்று சொன்ன அந்தச் சோதனைக்கு ஏ.பி.ஜி., அதாவது தமனி ரத்த வாயுச் சோதனை என்று பெயர். சாதாரணமாக ரத்தம் எடுக்கும் நரம்பில் எடுத்தால் இதற்கு உதவாது. நாடி பார்க்கும் இடத்தில் விரல் வைத்து, துடிப்பு வரும் புள்ளியில் ஊசியைச் செலுத்த வேண்டும். சரியாகப் போய்விட்டால் நாம் இழுக்கவே வேண்டாம், ஒவ்வொரு துடிப்புக்கும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தானே சிரிஞ்சின் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஒன்றிரண்டு மில்லி போதும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் எண்கள் பொய்யாகிவிடும் என்பதால் தட்டி வெளியேற்றிவிட்டு, அரைமணிக்குள் மெஷினில் வைக்க வேண்டும். ஊசி எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தத்தின் அமிலத்தன்மை (7.35 முதல் 7.45), ஆக்சிஜன், கரியமில வாயு, பைகார்பனேட் எல்லாம் அதில் வரும். பெரும்பாலான மெஷின்களில் பொட்டாசியமும் லாக்டேட்டும் கூட வரும்.

சித்தப்பாவுக்கு அது அடிக்கடி ஏன்? இதய ஆபரேஷனில் ஹார்ட்-லங் மெஷினில் போட்டால் இதயம் நிறுத்தப்படும், நுரையீரலுக்கும் வேலை இருக்காது. நாடி துடிக்காததால் கிளிப்புக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. மூச்சு வெளியே வராததால் கேப்னோகிராஃபுக்கும் அளக்க ஒன்றும் இல்லை. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த இரண்டு கருவிகளும் அங்கே ஊமை. ரத்தத்தையே எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழி கிடையாது. மெஷினில் போடாமல் துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்தாலும், ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஆபரேஷன் என்பதால் அடிக்கடி பார்ப்பார்கள்.

இந்தச் சோதனை இன்றிருக்கும் நிலைக்கு வந்ததன் பின்னணியில் ஒரு கொள்ளைநோய் இருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் வரிசையாக இறந்தார்கள். பலருக்கு ஆக்சிஜன் கொடுக்கப்பட்டதால் உதடு நீலமாகவில்லை. ரத்தத்தில் பைகார்பனேட் மிக அதிகமாக இருந்தது, ஏதோ ஒரு காரத்தன்மைக் கோளாறு என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர்தான், இது காரம் இல்லை, வெளியே போகாமல் தேங்கிய கரியமில வாயு என்றார். ஆகஸ்ட் மாதம், இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்து, கையால் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்துக் காட்டினார். அவள் தேறினாள். அதன் பிறகு மாதக்கணக்கில் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து பை அழுத்தினார்கள். எவ்வளவு வேகத்தில் அழுத்துவது என்று தெரிய ரத்தத்தை அளக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவைதான் சோதனைக்கூடங்களை உலுக்கியது. சில வருடங்களுக்குள் ஆக்சிஜனை அளக்கும் லேலண்ட் கிளார்க்கின் மின்முனையும், கரியமில வாயுவை அளக்கும், ஜான் செவரிங்ஹாஸ் மேம்படுத்திய மின்முனையும் வந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்ததுதான் இன்றைய மெஷினின் தொடக்கம்.

அம்மாவுக்கு ஏன் தேவைப்படாது என்றால், நன்றாக வேலை செய்யும் நுரையீரலில் மூச்சில் வரும் கரியமில வாயு எண்ணும் ரத்தத்தில் இருக்கும் எண்ணும் மிக அருகில் இருக்கும். ரத்தத்தில் இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஏ.பி.ஜி. எடுத்த கணத்துப் படத்தை மட்டும் காட்டும். கேப்னோகிராஃப் ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டும். ஒரு மணி நேர ஆபரேஷனில் எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும். அதோடு தமனியில் ஊசி போடுவது வலி உள்ள காரியம், ரத்தம் கட்டிக்கொள்ளும், அரிதாகக் கையின் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படலாம். தேவையில்லாமல் குத்தக் கூடாது. எனவே அலட்சியம் என்று நீங்கள் நினைத்தது சரியில்லை என்பதே என் கருத்து.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வீசிங் கட்டுக்குள் இருந்தால்தான். நுரையீரல் கெட்டிருந்தால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி 10, 15 என்று விரியும். திரையில் 40 என்று பார்த்து நான் நிம்மதியாக இருப்பேன், ரத்தத்தில் 55 ஆகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஏ.பி.ஜி. எடுத்துவைப்பதும், நடுவில் ஒன்று எடுத்து இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொள்வதும் நல்லது. அம்மா அந்த வகையா என்பதை நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்ய முடியும். ஒரு மாடி ஏறினால் நடுவில் நிற்கிறாரா? கடந்த ஒரு வருடத்தில் வீசிங்குக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா? ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா? இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா? அப்புறம், யாரும் கேட்காத ஒரு கேள்வி: எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார்? பீடி, சிகரெட்டைத் தொடாத நம் ஊர்ப் பெண்களின் நுரையீரலைக் கெடுத்ததில் அடுப்புப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. 'வீசிங்' என்று வீட்டில் சொல்வது பல நேரம் ஆஸ்துமாவாக இருக்காது, அந்தப் புகையால் வந்த நாள்பட்ட அடைப்பாக இருக்கும். இதில் எதற்காவது 'ஆமாம்' என்பது பதிலானால், அதைச் சொல்லி ஏ.பி.ஜி. வேண்டுமா என்று மறுபடி கேளுங்கள். அப்போது அது நியாயமான கேள்வி.

இல்லையென்றால் ஏ.பி.ஜி. பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "கேப்னோகிராஃப் போடுவீங்களா? ஆபரேஷன் முடிகிற வரைக்கும் மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா? ரெக்கவரியில் யார் பார்ப்பாங்க?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே, மயக்கம் கொடுக்கும் முன் ஆக்சிமீட்டர் மாட்டி வேலை செய்கிறதா என்று சரிபார்க்கும்படி ஒரு வரி இருக்கிறது.

உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. இன்ஹேலரை ஆபரேஷன் அன்று காலையிலும் எடுக்கச் சொல்லுங்கள், கையோடு கொண்டுபோங்கள். வெறும் வயிறு என்றதும் இன்ஹேலரையும் நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். சளி, காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள், தேதியைத் தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை. விரல்களில் நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் கிளிப் தடுமாறும். நகப்பூச்சை அழித்துவிடலாம், மருதாணியை இந்த வாரம் வைக்காமல் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் தியேட்டருக்குள் இருக்கும் ஒரு மணி நேரத்தைவிட, வெளியே வந்த பிறகு வரும் முதல் சில மணி நேரத்துக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். உள்ளே ஒருவர் கண் எடுக்காமல் பார்க்கிறார். வெளியே டியூப் இல்லை, பல இடங்களில் கேப்னோகிராஃபும் இல்லை. வலி மருந்தும் மயக்கத்தின் மிச்சமும் உடம்பில் இருக்கும், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும், கிளிப் 99 காட்டும். மாடித் தொட்டி நிலைமை இதுதான். வார்டில் அம்மா ஆழ்ந்து தூங்கினால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை இயல்பு. பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவார்கள். அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள்! தோள்பட்டை வலிக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்பட வேண்டாம், வயிற்றில் மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

வீட்டிலிருக்கும் கிளிப்பையும் வீணாக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு மூன்று நாள், அம்மா உட்கார்ந்திருக்கும்போது, கை சூடாக இருக்கும்போது மாட்டி, அரை நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறித்துவையுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவது உண்டு என்று அமெரிக்காவில் 2020இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அதனால் ஓரிரு எண் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, அம்மாவின் வழக்கமான எண்ணைவிட மூன்று நான்கு குறைந்து அப்படியே நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 90ஐத் தொட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலியோடு திடீரென மூச்சுத் திணறினாலோ ஃபோன் செய்து காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.